நிலம் கெடுமுன் சட்டத்தை நாடுவோம்

(சமயநல்லூரில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பூச்சி, நோய், உரம் பற்றிப் பேசுவதற்கே எங்களைப் போன்றோரை நீங்கள் அழைப்பது வழக்கம். இன்று சட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பூச்சி ஒரு போகத்தைக் கெடுத்தால் அடுத்த போகத்தில் ஈடு செய்துகொள்ளலாம். ஆலைக் கழிவுநீர் கிணற்றில் இறங்கிவிட்டால் ஒரு தலைமுறையின் விளைச்சலே போய்விடும். அதற்குத் தெளிக்க மருந்து கிடையாது. கழிவை விடுபவரைத் தடுத்து நிறுத்தச் சட்டம்தான் துணை. அந்தத் துணையை எப்பொழுது நாட வேண்டும் என்பதுதான் இன்று நாம் அறிய வேண்டிய முக்கியச் செய்தி.

சட்டங்கள் வந்த வழி

பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ அசுத்தப்படுத்துவது குற்றம் என்று 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே கூறியது. ஆனால் அதில் சொன்ன அபராதம் 500 ரூபாய்க்கு மேற்படாது. பெரிய ஆலைகள் பெருகிய காலத்தில் அது போதவில்லை.

1972-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் சுற்றுச்சூழல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு நடைபெற்றது. நம் பிரதமர் இந்திரா காந்தி அதில் கலந்துகொண்டு பேசினார். அதன் பிறகே நம் நாட்டில் தனிச் சட்டங்கள் வரத் தொடங்கின. 1974-இல் நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தது. 1976-இல் அரசியலமைப்புச் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் நிறைவேறியது. சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் பொறுப்பு என்றும், குடிமக்களின் கடமை என்றும் அதில் எழுதப்பட்டது. 1981-இல் காற்று மாசு தடுப்புச் சட்டம் வந்தது. 1982-இல் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1984 டிசம்பரில் போபால் நகரில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதையடுத்து 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

ஆக, சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஏட்டில் இருந்த சட்டத்தை வயலுக்குக் கொண்டுவந்ததில் தமிழ்நாட்டு உழவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு மூன்று எடுத்துக்காட்டுகளைக் கூறுகிறேன்.

பாலாறும் திண்டுக்கல்லும்

வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றிலும் வயல்களிலும் கலந்தது. இதை எதிர்த்து 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமற் போயிற்று என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. நீதிமன்றம் தன் தீர்ப்பில் இதை எடுத்துக் காட்டியது. நமக்குப் பக்கத்திலுள்ள திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கும் அத்தீர்ப்பில் உள்ளது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுவிட்டன என்பதே அந்தக் கணக்கு.

1996 ஆகஸ்ட் 28-இல் வெளியான தீர்ப்பு இரண்டு கொள்கைகளை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஒன்று, கேடு வரும் என்று அஞ்ச இடமிருந்தால், விஞ்ஞான முடிவு முற்றிலும் உறுதியாகும் வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்பது. தொழிலால் கேடு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சேரும். மற்றொன்று, கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்பது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு, கெட்ட நிலத்தையும் நீரையும் சீர்ப்படுத்தும் செலவும் அவரையே சாரும்.

இத்தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-இல் 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் வழங்கும்படி கூறியது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒருவருக்கு 9,200 ரூபாய்கூட வராது. பல ஆண்டு விளைச்சலை இழந்த குடும்பத்துக்கு இது எம்மட்டு? அதையும் எல்லோரும் உரிய காலத்தில் பெற்றார்களில்லை. இழப்பீடு பெறாதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்குத் தொடுத்து 34 ஆண்டுகளுக்குப் பின்னும் நிலை இதுதான்.

நொய்யல் ஆயக்கட்டு

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் விடப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியது. அணை நிறைந்தும் வயலுக்குப் பாய்ச்ச முடியவில்லை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். சொட்டுக் கழிவும் வெளியேறாதபடி சுத்திகரிக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஆயக்கட்டுதாரர்கள் ஒன்றுபட்டு நின்றதன் பலன் இது. எனினும் உப்பு ஏறிய மண் உத்தரவு வந்த மறுநாளே நல்ல மண்ணாகிவிடாது என்பதையும் மறக்கலாகாது.

அரிட்டாபட்டி காட்டிய வழி

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் மதுரை மாவட்டத்திலேயே உள்ளது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் பரப்பை 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. 2024 நவம்பரில், இப்பகுதியையும் உள்ளடக்கி 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைப்பதற்கான ஏலம் முடிந்ததாக அறிவிப்பு வந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்தார் உடனே கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றினர். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அவ்வாறு முடிவு செய்ததற்கு அப்பகுதியின் பல்லுயிர்ச் சிறப்பும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாலாற்றில் நிலம் கெட்ட பிறகு சட்டத்தை நாடினார்கள். 34 ஆண்டுகளாகியும் அலைச்சல் தீரவில்லை. அரிட்டாபட்டியில் முதல் மண்வெட்டு விழுமுன் பேசினார்கள். மூன்று மாதத்தில் முடிவு தெரிந்தது. சட்டம் கெட்ட நிலத்துக்குப் பணம் வாங்கித் தரலாம். நிலத்தைத் திருப்பித் தருவது அரிது. ஆகவே நிலம் கெடுமுன் அதை நாட வேண்டும்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. கிணற்று நீரை இப்பொழுதே சோதியுங்கள். நல்ல நீர் எதற்குச் சோதனை என்று எண்ண வேண்டாம். முன்பு நன்றாக இருந்தது என்பதற்குச் சான்று இருந்தால்தான் பின்பு கெட்டது என்று நிலைநாட்ட முடியும். பம்பை 15 நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலைக் கழுவி, நீரைப் பிடித்து, புல எண், கிணற்றின் ஆழம், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, தாமதமின்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் செய்தல் நலம். மின்கடத்தும் திறன் 0.75 டெசிசைமன்ஸுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிருக்கு ஏற்ற நீர். 2.25-ஐத் தாண்டினால் உப்பு மிகுந்த நீர். சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக்கொடி அத்தகைய நீரைத் தாங்காது. ஆய்வு முடிவுகளைப் பட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

2. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறிப்பிட்ட பெருந்தொழில்களுக்கு அனுமதி தருமுன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். எழுத்து மூலமும் கருத்துக் கூறலாம். சில தொழில்களுக்கு இக்கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அப்பொழுது கிராம சபைத் தீர்மானமே உங்கள் குரல்.

3. புகாரை எழுத்தில் கொடுங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். கழிவு எந்த வாய்க்காலில், எந்தத் தேதியில், எந்நேரத்தில் வந்தது என்பதைப் புகைப்படத்துடன் குறிப்பிடுங்கள்.

4. கெடுவைத் தவற விடாதீர்கள். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அமைந்துள்ளது. நமக்குரிய தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஒரு தொழிலுக்கு அளித்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள், சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு ஆறு மாதம், இழப்பீடு கோர ஐந்து ஆண்டு கெடு உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். "பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தால் வழக்கின் வாசலே அடைபட்டுவிடும்.

5. கூடிச் செய்யுங்கள். தனி ஒருவர் புகார் செய்தால் பகையாகத் தோன்றும். ஆயக்கட்டுச் சங்கமாகச் சென்றால் ஊரின் குரலாகும்.

நம் பங்கு

சட்டம் ஆலைக்காரருக்கு மட்டும் உரியதன்று. கண்மாயை ஆக்கிரமிப்பதைத் தடுக்க 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. உள்வாயை உழுது பயிர் செய்பவர் நம்மில் ஒருவராக இருந்தாலும் அது பொருந்தும். தடை செய்த பூச்சிமருந்தை வாங்குவதும், மருந்து டப்பாவை வாய்க்காலில் கழுவுவதும் நம் நீரை நாமே கெடுப்பதாகும். நம் கை சுத்தமாக இருந்தால்தான் பிறரைத் தட்டிக் கேட்க முடியும்.

உழவர் பெருமக்களே! வைகை ஓரத்து நெல் வயலும், மல்லிகைத் தோட்டமும், தென்னந்தோப்பும் நாம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்து. வரப்பில் உடைப்பு விரற்கடையளவு இருக்கும்போதே மண்ணணைத்து அடைப்பது நம் வழக்கமல்லவா? சட்டத்தையும் அவ்வாறே நேரத்தில் பயன்படுத்துவோம். இன்று வீடு திரும்பியதும் முதல் வேலையாக ஒரு சுத்தமான பாட்டிலைத் தேடி எடுத்து வையுங்கள். நாளைக் காலை பம்பை ஓட்டும்போது அதில் உங்கள் கிணற்று நீரைப் பிடியுங்கள்.