நின்றுபோன வெளிநாட்டு வீடு: கட்டிய முன்பணத்தை எங்கே கேட்பது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேத்தியாத்தோப்பில் உட்கார்ந்துகொண்டு துபாய் ஃபிளாட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். லால்பேட்டைக்கோ பரங்கிப்பேட்டைக்கோ போய்க் கேளுங்கள், வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவே கிடையாது. சிதம்பரம், புவனகிரி பக்கமும் அப்படித்தான். நம் குடியிருப்பிலேயே மகனோ மருமகனோ அங்கே இருக்கிற வீடுகள் பல. அங்கே சம்பாதித்ததில் 10 சதவீதம், 20 சதவீதம் முன்பணம் கட்டி, கட்டடம் பாதியில் நின்று, "அப்பா, ஊரிலிருந்து ஏதாவது செய்ய முடியுமா?" என்று போன் வருகிறது. அந்தப் போனை எடுப்பவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

துபாயை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. 2008 கடைசியில் அங்கே வீட்டு விலை மளமளவென்று சரிந்தது. படம் மட்டும் வரைந்து விற்ற கட்டடங்கள் பல நின்றுபோயின. பணம் கட்டியவர்களில் நம் நாட்டுக்காரர்கள் ஏராளம். அந்த அடியில்தான் இன்று அங்கிருக்கும் சட்டங்கள் பலவும் வலுப்பெற்றன.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதுதான். துபாயில் 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டப்படி, கட்டி முடியாத வீட்டை விற்கும் பில்டர் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாக எஸ்க்ரோ கணக்கு வைக்க வேண்டும். நீங்கள் கட்டும் பணம் அதில்தான் விழ வேண்டும். பில்டருக்குக் கடன் கொடுத்தவர்கள் அந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது. பில்டர் திவாலானாலும் அந்தப் பணம் அந்தத் திட்டத்தில் வீடு வாங்கியவர்களுக்கானது. அதே தொகையை ஏஜென்டின் சொந்தக் கணக்கிலோ பில்டரின் பொதுக் கணக்கிலோ போட்டிருந்தால், நீங்கள் நீளமான ஒரு வரிசையின் கடைசியில் நிற்கும் கடன்காரர். உண்டியலில் அனுப்பியிருந்தால் அனுப்பியதற்கே ஆதாரம் கிடையாது. வங்கியில் இருந்த காலத்தில் நான் பார்த்த பாதிக் கஷ்டம் இந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. ஆகவே மகனிடம் முதலில் கேளுங்கள்: ரசீதில் எந்த வங்கி, எந்தக் கணக்கு எண்?

அடுத்தது பதிவு. 2008ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டப்படி, கட்டி முடியாத வீட்டின் விற்பனையும் துபாய் நிலத்துறையின் இடைக்காலப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை அங்கே 'ஊகூத்' என்பார்கள். பதிவு இல்லாத ஒப்பந்தத்தோடு போய் நின்றால் வழக்கு பலவீனம். திட்டத்தின் நிலையைத் துபாய் நிலத்துறையின் 'துபாய் ரெஸ்ட்' செயலியில் பார்க்கலாம். ஒரு சின்னக் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கட்டுமானத் துறையைக் கண்காணிக்கும் அமைப்புக்கும் 'ரெரா' என்றுதான் சுருக்கப் பெயர். நம் ஊர் ரெரா சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. வெளிநாட்டுக் கட்டடத்துக்குத் தமிழ்நாடு ரெராவில் மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

இப்போது பலரும் அவசரப்பட்டு விடுகிற விஷயம். "வேலை நின்றுவிட்டது, நான் ஏன் தவணை கட்ட வேண்டும்?" என்று பணம் கட்டுவதை நிறுத்துகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திட்டம் அதிகாரபூர்வமாக ரத்தாகாமல் இருக்கும்போது நிறுத்தினால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான். அங்குள்ள சட்டப்படி முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கட்டடம் 60 சதவீதத்துக்கு மேல் முடிந்திருந்தால் வீட்டு விலையில் 40 சதவீதம் வரையும், அதற்குக் கீழே என்றால் 25 சதவீதம் வரையும் பில்டர் பிடித்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டின் விலை 10 லட்சம் திர்ஹாம், மகன் கட்டியது 2 லட்சம், கட்டடம் 40 சதவீதம் முடிந்திருக்கிறது. பில்டர் பிடித்துக்கொள்ளக்கூடியது இரண்டரை லட்சம் வரை. கட்டியது முழுவதும் போய்விடும். அதே திட்டத்தை அங்குள்ள ரெரா ரத்து செய்தால் கதை வேறு. கட்டிய பணம் முழுவதையும் பில்டர் திருப்பித் தர வேண்டும். எஸ்க்ரோ கணக்கில் போதவில்லை என்றால் மீதியை 60 நாளுக்குள் அவரே தர வேண்டும் என்பது விதி. தருகிறாரா என்பது வேறு விஷயம், உங்கள் உரிமை அவ்வளவு தூரம் மாறுகிறது. அதனால் நிறுத்துவதற்கு முன் அங்குள்ள வக்கீலிடம் திட்டத்தின் நிலையைக் கேட்க வேண்டும். தவணைக்காகப் பின்தேதியிட்ட காசோலைகள் கொடுத்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். திரும்பி வந்த காசோலை அங்கே மகன் தலையில்தான் விழும்.

நின்றுபோன, ரத்தான திட்டங்களுக்கென்றே துபாயில் சிறப்புத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2013ல் ரத்தான திட்டங்களுக்காக அமைத்தார்கள். 2020ல் 33ஆம் எண் ஆணையால் முடிவடையாத திட்டங்களையும் அதன் கீழ் கொண்டுவந்தார்கள். அதன் கையில் இருக்கும் திட்டத்தில் மற்ற நீதிமன்றங்கள் தலையிட முடியாது. அதன் தீர்ப்பின் மேல் அப்பீலும் இல்லை. ஆகவே முதல் மனுவையே ஒப்பந்தம், பதிவுச் சான்று, ஒவ்வொரு தவணைக்கும் ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, பில்டருடன் நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்து முழுசாகக் கொடுக்க வேண்டும். அரபு மொழிபெயர்ப்பு சட்ட மொழிபெயர்ப்பாளரிடம்தான் செய்ய வேண்டும். மகன் ஊர் திரும்பிவிட்டார் என்றால் அங்கே ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பத்திரம் நோட்டரி, நம் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று முத்திரை வாங்கிக்கொண்டே போக வேண்டும். அலுப்பாக இருக்கும், குறுக்கு வழி இல்லை.

இதற்கிடையில் பில்டர் தரப்பிலிருந்து, "இந்தப் பணத்தை எங்கள் இன்னொரு திட்டத்துக்கு மாற்றித் தருகிறோம்" என்பார்கள். 2009க்குப் பிறகு அங்கே இது நிறைய நடந்தது. மாற்றித் தரும் கட்டடம் ஏறக்குறைய முடிந்திருந்தால் நான் ஒப்புக்கொள்ளலாம் என்றே சொல்வேன். அதுவும் வெறும் மண்ணாக இருந்தால் வேண்டாம். அதைவிட மோசம், "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருபவர்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் அவர்கள் கைக்கு எப்படியோ போய்விடுகிறது.

இங்கே செய்ய முடிந்தது ஒன்றும் இல்லையா? இருக்கிறது. சென்னையில் ஓட்டலில் கண்காட்சி வைத்து விற்ற ஏஜென்ட் இந்தியாவில்தான் இருக்கிறார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நமக்குக் கடலூர் மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே. இரண்டு வருடக் கெடு உண்டு. இன்னொன்று, அமீரக நீதிமன்றத் தீர்ப்புகளை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றலாம் என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. பில்டருக்கு இந்தியாவில் சொத்து இருந்தால் இது பெரிய பிடி. சிறப்புத் தீர்ப்பாயத்தின் உத்தரவும் இதில் அடங்குமா என்பதை வக்கீலை வைத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளூர் பில்டர் திவாலானால் என்ன என்று கூட்டத்துக்கு முன்பே இரண்டு பேர் கேட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். 2018லிருந்து வீடு வாங்கியவர்களும் வங்கிகளைப் போல நிதிக் கடனாளர்கள்தான். 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் தனி ஒருவர் திவால் மனுப் போட முடியாது. அதே திட்டத்தில் 100 பேர் அல்லது மொத்தத்தில் 10 சதவீதம், எது குறைவோ அத்தனை பேர் சேர வேண்டும். 300 வீடு என்றால் 30 பேர் போதும். வேறு யாராவது மனுப் போட்டு நடவடிக்கை தொடங்கிவிட்டால், பத்திரிகை அறிவிப்பைப் பார்த்ததும் 'ஃபார்ம் சி.ஏ.' என்ற படிவத்தில் உங்கள் தொகையைக் கோர வேண்டும். கோராதவர் பெயர் பட்டியலில் ஏறாமல் போகக்கூடும். நொய்டாவில் ஜேபீ இன்ஃப்ராடெக் வழக்கு 2017 ஆகஸ்டில் தொடங்கியது. மீட்புத் திட்டத்துக்குத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்தது 2023 மார்ச்சில். பொறுமைக்கும் தயாராக இருங்கள்.

கடைசியாக வரி. ஊரிலிருந்து வங்கி வழியாக அனுப்பிய முன்பணம் திரும்பி வந்தால், வேறு முதலீடு செய்யாத பட்சத்தில் 180 நாளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே குடியிருப்பவராக வரிக் கணக்குத் தாக்கல் செய்பவர், வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அந்த ஒப்பந்தத்தைக் காட்டினாரா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபார்ம் சி.ஏ. மாதிரியும் நுகர்வோர் மனு மாதிரியும் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். வரும்போது ரசீதுகளையும் கொண்டுவாருங்கள், எந்தக் கணக்குக்குப் போனது என்று சேர்ந்து பார்ப்போம்.