"நிலைக்குமா?"



மக்கள்தொகைக் கணக்கு படித்தவன் என்று உறவுக்குள் தெரிந்த நாளிலிருந்து, கல்யாணப் பந்திகளில் என்னிடம் ஒரு கேள்வி தவறாமல் வந்து சேர்கிறது. யாரோ ஒருவருடைய பையன் அமெரிக்காவில் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டப்போகிறான். "இதெல்லாம் நிலைக்குமா தம்பி?" பாயசம் ஆறுவதற்குள் ஒரு சதவீதம் சொல்லியாக வேண்டும். என்னால் சொல்ல முடிந்ததில்லை. அதற்கான காரணத்தைத்தான் இன்று விளக்கப் பார்க்கிறேன்.

சதவீதம் இல்லாமல் இல்லை. 1995இல் அமெரிக்காவில் 15 முதல் 44 வயது வரையுள்ள 10,847 பெண்களிடம் திருமணம், பிள்ளைப்பேறு குறித்துக் கேட்டறிந்தார்கள். அதை வைத்து அந்நாட்டின் தேசிய சுகாதாரப் புள்ளியியல் மையம் 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் திருமணம் பத்தாண்டுக்குள் முறியும் வாய்ப்பு, ஒரே இனத்தவர் மணந்தால் 31 சதவீதம். இனம் கலந்து மணந்தால் 41. பந்தியில் கேட்ட பெரியவருக்கு இது போதும். நூற்றுக்குப் பத்து கூடுகிறதென்றால் கலப்புதானே காரணம்?

அவசரப்பட வேண்டாம். சின்ன வயதில் மணப்பவர்களும், படிப்பும் வருமானமும் குறைந்தவர்களும் எந்த இனமானாலும் அதிகம் பிரிகிறார்கள். வெவ்வேறு இனத்தில் முறிவு விகிதமும் வெவ்வேறு. யுவான்டிங் ஜாங், ஜெனிஃபர் வான் ஹூக் இருவரும் 23,139 தம்பதிகளின் தரவை எடுத்து, இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். கலப்பு என்ற ஒரே காரணத்தால் முறிவு கூடுகிறது என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆசியர் ஒருவர் இருக்கும் கலப்பு மணங்கள், இருவருமே வெள்ளையராக உள்ள மணங்களைக் காட்டிலும் உறுதியாக நின்றன. நம் பெரியவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அதுதான். சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னோர் ஆய்வு. ஜெனிஃபர் பிராட்டர், ரோசலிண்ட் கிங் 2008இல் எழுதியது. கணவர் கறுப்பர், மனைவி வெள்ளையர் என்றால், இருவரும் வெள்ளையராக உள்ள தம்பதியோடு ஒப்பிட, பத்தாம் ஆண்டுக்குள் முறியும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. கணவர் வெள்ளையர், மனைவி கறுப்பர் என்று மாற்றிப் போட்டால் 44 சதவீதம் குறைவு. அதே இரண்டு இனங்கள்! பண்பாட்டு இடைவெளிதான் குடும்பத்தைப் பிரிக்கிறது என்றால், இடம் மாறி உட்கார்ந்ததும் அந்த இடைவெளி எங்கே போயிற்று? பிறந்த வீடு கதவைத் திறந்ததா, தெரு எப்படிப் பார்த்தது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் கடைக்காரர் என்ன நினைத்தார் என்பவற்றில் விடை இருக்கும் என்பது என் ஊகம். படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

வகுத்தலிலும் ஒரு பொறி உண்டு. இந்த ஆண்டு நூறு மணம், ஐம்பது விவாகரத்து, ஆகவே பாதி முறிகிறது என்பார்கள். இந்த ஆண்டு பிரிந்தவர்கள் இந்த ஆண்டு மணந்தவர்களா? அமெரிக்காவில் புதிதாக மணந்தோரில் இனம் கலந்து மணந்தவர்கள் 1967இல் 3 சதவீதம், 2015இல் 17. இப்படிப் பெருகும்போது கீழே வகுக்கும் எண் புதுத் தம்பதிகளால் ஊதிவிடும். முறிவு குறைவாகத் தெரியும்.

நிலைத்த மணத்தை 'வெற்றி' என்று சொல்வதோ இன்னும் மோசம். நீதிமன்றத்துக்குப் போகாததெல்லாம் வெற்றியா? நம் நாட்டின் 2011 மக்கள்தொகைக் கணக்கில் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம். தீர்ப்பு வாங்காமலேயே பிரிந்து வாழ்கிறவர்கள் சுமார் 35 லட்சம்.

கடைசியாக ஒரு தம்பதி. ரிச்சர்ட் லவ்விங் வெள்ளையர். மில்ட்ரெட் கறுப்பர் வழியும் செவ்விந்தியர் வழியும் கலந்தவர். 1958 ஜூனில் வாஷிங்டனில் மணந்து வர்ஜீனியாவுக்குத் திரும்பினார்கள். சில வாரங்களில் நள்ளிரவில் படுக்கையறைக்குள் வந்து ஷெரீஃப் கைது செய்தார். 25 ஆண்டுகளுக்கு இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையில் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் இனம் கலந்த மணத்தைத் தடுத்த அந்த மாநிலச் சட்டத்தை ஒருமனதாக உடைத்தபோது, இன்னும் 15 மாநிலங்களில் அதே தடை இருந்தது. 1975இல், குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரின் கார் மோதி ரிச்சர்ட் இறந்தார். மில்ட்ரெட் மறுமணம் செய்யவில்லை. கணவர் கட்டிய வீட்டிலேயே இருந்து 2008இல் மறைந்தார்.

எங்கள் அட்டவணையில் இந்த மணத்தை எப்படிக் குறிப்போம் தெரியுமா? காலம்: 17 ஆண்டு. முறிவு: இல்லை. 1975ஓடு கணக்கிலிருந்து விலக்கம்.