துண்டுக்கு அடியில் உள்ள எண்

(அந்தியூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில், தரகர் துண்டை விரித்து அதனடியில் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவதைக் கண்டிருக்கிறீர்கள். அருகில் நிற்பவனுக்கும் அந்த எண் தெரியாது. எண்ணைக் காக்கும் அறிவு நமக்குப் புதிதன்று. அவ்வறிவைத்தான் இன்று கணினிக் காப்பு என்கின்றனர்.

படியாதவரே ஏமாறுவர் என்று எண்ணாதீர்கள். 1904-இல் குடந்தையில் தோன்றிய சிட்டி யூனியன் வைப்பகத்தில் 2018 பிப்ரவரியில் களவு நிகழ்ந்தது. கன்னக்கோல் இல்லை, சுவரும் இடியவில்லை. நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் 'சுவிப்ட்' அமைப்பின் வழியே, துபாய்க்கும் துருக்கிக்கும் சீனத்துக்கும் ஏறத்தாழ 20 இலக்கம் டாலர் அனுப்பும்படி பொய்க்கட்டளை பிறந்தது. ஒப்புகை அச்சிடும் பொறியையும் கள்வர் முடக்கிவிட்டனர். கணக்கை ஒப்பிட்டபோதே களவு வெளிப்பட்டது. துபாய்க்குச் சென்றது மட்டும் அப்போதே தடுக்கப்பட்டது.

ஈராண்டுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்காளதேச நடுவண் வைப்பகத்திலும் இதே சூழ்ச்சிதான். 8 கோடியே 10 இலக்கம் டாலர் போயிற்று. ஆடை தைத்தும் அயல்நாடுகளில் உழைத்தும் அம்மக்கள் ஈட்டிய செல்வம் அது! செல்வநாடு இவ்விழப்பைத் தாங்கும். வளரும் நாட்டில் அது ஏழையின் உலையில் வந்து விழும். இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர், பெறுநர் பெயரிலிருந்த எழுத்துப்பிழையால் பிடிபட்டுத் தப்பியது. பிழை பொறாத நாமும் அந்த ஒரு பிழையை மன்னிக்கலாம்.

பணத்தோடு இது நிற்கவில்லை. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் அலுவலக வலையில் தீங்குநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. முதல்நாள் மறுத்தார்கள்; மறுநாள், அக்டோபர் 30-இல், அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனித்திருந்ததால் அதற்கு ஊறில்லை என்றது. தனித்து வைத்த அறிவைப் போற்றுவோம். மறுத்த பழக்கத்தை எங்ஙனம் போற்றுவது?

கணினி வாங்குவதில் உள்ள விரைவு அதைப் பூட்டுவதில் இல்லை. கடவெண்ணைப் பிறரிடம் சொல்லாதே என்னும் எச்சரிக்கைகூட நம் உழவனின் கைப்பேசிக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது. பூட்டைக் கொடுத்து, பூட்டும் முறையை அயல்மொழியில் எழுதிக் கொடுத்தால் வீடு தங்குமா?

பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணில் சொல்லுங்கள். விரைந்து சொன்னால் இடைவழியில் நிறுத்த வாய்ப்புண்டு. வரும் ஆடிக்குள் இதனை நல்ல தமிழில் எழுதி, வெற்றிலைச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டுவோம். எழுதும் வேலையை இளைஞர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தாளுக்கும் பசைக்கும் ஆகும் செலவு என்னுடையது.