உள்ளேன் ஐயா!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



அந்தமானில் பழைய மரப்படகு ஒன்றை வாங்கி, உளுத்த பலகைகளை மாற்றி, கலப்பத்து அடித்து, என்ஜினைப் பிரித்துப் பூட்டி, டைவிங் படகாக ஓட்டி வருகிறேன்.

மரவேலை கஷ்டமில்லீங்க, ஆள் எண்ணுவதுதான் கஷ்டம். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு கணவன் மனைவியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பிவிட்டது. இரண்டு நாள் கழித்தே விஷயம் தெரிந்தது. அவர்கள் கிடைக்கவேயில்லை.

வகுப்பில் நண்பனுக்காக "உள்ளேன் ஐயா" சொன்னவன் நான். ஒருநாள் என் படகிலும் ஒருவர் அப்படியே தோழருக்காகக் குரல் கொடுத்துவிட்டார். நங்கூரம் தூக்கியாச்சு; தோழரோ இன்னும் தண்ணீரில்! நல்லவேளை, படகுப் பையன் பார்த்துவிட்டான்.

இப்போது பெயரைக் கூப்பிட்டு, முகத்தையும் பார்த்த பிறகே என்ஜினைப் போடுகிறேன். நம்ம ஐயா ஏன் ஒவ்வொரு பெயருக்கும் தலை நிமிர்ந்து பார்த்தார் என்பது அன்றைக்குத்தான் புரிஞ்சுது.