யோசிச்சதுக்குக் கட்டின வட்டி

(ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



'துணிந்து முடிவெடுத்தல்' பத்திப் பேசச் சொன்னாங்க. சரின்னு சொல்லிட்டு, பேசலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சவள் நான். அப்படிப்பட்ட ஆளைத்தான் கூப்பிட்டிருக்கீங்க.

எங்கள் குழுவில் 12 பேர். யார் கடன் கேட்டாலும் அரை மணி நேரத்தில் முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். எதுக்குப் பணம், எவ்வளவு வேணும், மாசம் எவ்வளவு கட்டுவே, நஷ்டமானா எப்படிக் கட்டுவே? நாலே கேள்வி. கேட்கிறது நான்தான்.

போன வருஷம் வங்கிக் கடனில் என் பங்கு 50,000 ரூபாய் வந்தது. கறவை மாடு வாங்கத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் வாங்கவில்லை. மாமியார், "பக்கத்துத் தெருவில மாடு செத்துப் போச்சே"ன்னாங்க. தம்பி ஆடு வாங்கச் சொன்னான். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்"னுட்டார். இந்த 'உன் இஷ்டம்' இருக்கே, பால் கறந்தா நம்ம மாடு, படுத்துக்கிட்டா உன் மாடு!

அடுத்த ஊரில் ரெண்டாம் ஈத்து மாடு ஒன்று விலைக்கு வந்தது. நல்ல மடி. நான் அஞ்சாவது ஆளிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தபோது வேறொருத்தர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. பால் வத்திட்டா? நோய் வந்துட்டா? சொசைட்டியில் விலை குறைஞ்சிட்டா? நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. முதல் மாச வட்டியே 500 ரூபாய். இப்படி அஞ்சு மாசம் வட்டியும் அசலும் கட்டினேன், வீட்டில் மாடு இல்லாமலே. பீரோவில் இருந்த பணத்தில் 6,000 ரூபாய் பள்ளிக்கூடச் செலவில் கரைந்துபோனது.

ஒரு கூட்டத்தில் எங்கள் குழுவிலேயே சின்னவள் கேட்டாள்: "அக்கா, எங்களைக் கேட்கிற நாலு கேள்வியை உங்களைக் கேட்டுக்கிட்டீங்களா?" எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து மகனுடைய பழைய நோட்டில் எழுதிப் பார்த்தேன். மூணு கேள்விக்குப் பதில் கையிலேயே இருந்தது. நாலாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. அதற்கும் எழுதினேன்: மாட்டுக்கு இன்சூரன்ஸ் போடணும், பால் வத்தினா நூறு நாள் வேலைக் கூலியும் வீட்டுக்காரர் சம்பளமும் இருக்கு, தவணை தாங்கும். மனசுக்குள் ஊர் பெரிசாக இருந்த பயம், நோட்டில் மூணு வரிதான்.

மாடு எவ்வளவு கறக்கும் என்பது யோசித்துத் தெரிகிற விஷயமில்லை. போய் நின்று மூணு வேளை கறக்கச் சொல்லிப் பார்த்தால் தெரியும். பல்லைப் பார்த்தால் வயசு தெரியும். போனேன், பார்த்தேன், கையில் இருந்ததோடு தோட்டை அடகு வைத்து வாங்கினேன்.

ஒன்பது லிட்டர் என்றார்கள். வீட்டுக்கு வந்தபின் ஏழுதான் கறக்கிறது. தீவனம் மாத்தினதாலேன்னு டாக்டர் சொன்னார். வருத்தம்தான். ஆனால் இந்த ஏழு லிட்டரில்தான் தவணை போகிறது, தோட்டையும் போன மாசம் மீட்டுவிட்டேன்.

இப்போது எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். தொழிலுக்குக் கடன் வாங்கினவர் 30 நாளுக்குள் தொழிலைத் தொடங்கணும், இல்லையென்றால் பணத்தைக் குழுவில் கட்டிடணும். அதை எதிர்த்து முதலில் பேசினது யார் தெரியுமா? நான்தான். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனே"ன்னேன். பதினோரு பேரும் சிரிச்ச சிரிப்பில் கையெழுத்துப் போட்டுட்டேன்.