ஓடும் ஆலையை விரிப்பது எவ்வாறு?
(வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பேலியகொடைவாசிகளுக்குக் களனி கங்கைப் பாலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பாலத்தில் வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்க, அதன் அருகிலேயே ஜப்பானியக் கடனுதவியுடன் புதிய பாலம் எழுந்தது; 2021 நவம்பரில் ஆறு வழித்தடங்களுடன் திறக்கப்பட்டது. பழையதை மூடிவிட்டுப் புதியதைக் கட்டியிருந்தால் கொழும்பு நகரம் என்ன பாடு பட்டிருக்கும்! ஆலயத் திருப்பணியின்போது பாலஸ்தாபனம் செய்து, பூசை தடைப்படாமல் காக்கும் நம் முன்னோர் வழக்கமும் இதே அறிவின்பாற்பட்டதுதான்.

இவ்வறிவு மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் குறைகடத்தித் தொழிற்சாலை. கைத்தொலைபேசி முதல் வைத்தியசாலை யந்திரம் வரை இயக்கும் சில்லுகள் அங்கே பிறக்கின்றன. ஒரு சிலிக்கன் தகடு நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து முற்றுப்பெற இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். அதில் வரையப்படும் கோடுகளோ தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்கிலும் மெல்லியவை. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும், சில்லு பாழாகும். பக்கத்தில் தூண் நடும் அதிர்வும் அவ்வாறே கெடுக்கும்.

அப்படியானால் விரிப்பது எவ்வாறு? புதிய கூடத்தைத் தனியே கட்டுகிறார்கள். அது பழையதைப் போலத் தூய்மையாகும் வரை இடைச்சுவரை உடைப்பதில்லை. பழைய கூடத்தின் காற்றழுத்தத்தைச் சற்று உயர்த்தியே வைப்பதால் காற்று வெளியே செல்லுமேயன்றி, வெளித்தூசி உள்ளே வராது. தூய நீருக்கும் வாயுவுக்கும் உரிய குழாய்களில், பிற்கால இணைப்புக்கென முதலிலேயே அடைப்பிதழ்கள் விட்டிருப்பார்கள். புதிய யந்திரம் வெள்ளோட்டத் தகடுகளில் தேறிய பின்னரே உண்மையான வேலையில் சேரும்.

இதில் ஒரு சிறு படி தவறினாலும் நேர்வது என்ன? 2018 ஆகஸ்ட் 3இல் தாய்வானின் டீ.எஸ்.எம்.சி. நிறுவனத்தில் புதிய யந்திரமொன்றுக்கு மென்பொருள் நிறுவும்போது தவறு நேர்ந்தது. அது வலையமைப்பில் இணைக்கப்பட்டதும் கணினி வைரஸ் பரவிப் பல ஆலைகளின் யந்திரங்கள் நின்றன. சீர்செய்து முடிய மூன்று நாட்கள் சென்றன. அக்காலாண்டு வருமானத்தில் நூற்றுக்கு மூன்று பங்களவு பாதிக்கப்படலாமென நிறுவனமே அறிவித்தது. வந்த புதியவனைப் பரிசோதியாமல் வீட்டுக்குள் விட்டதன் விலை அது!

அன்பர்களே, 1980களின் தொடக்கத்தில் மோட்டரோலா, ஹரிஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் கட்டுநாயக்கவில் இத்தொழிலைத் தொடங்கத் திட்டமிட்டிருந்தன. 1983 வன்செயல்களின் பின் அவை கைவிடப்பட்டன. நீரும் மின்சாரமும் போலவே அமைதியும் ஆலைக்கு வேண்டிய மூலப்பொருள் என்பதை நாடு பெரும் விலை கொடுத்தே கற்றது.

வாலிபர்களே! பௌதிகத்தையும் பொறியியலையும் ஊன்றிக் கற்றிடுங்கள். பழையதை நிறுத்தாமல், புதியதைச் சோதித்து, தக்க வேளையில் இணைக்கும் பொறுமையையும் உடன் கற்றிடுங்கள். அப்பொறுமை ஆலைக்கு மட்டுமன்றி, குடும்பத்துக்கும் சங்கத்துக்கும் உதவும்.