முதல்நூலும் வழிநூலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வயல்வெளியிலும் கடலோரத்திலும் மலைப்பாதையிலும் கால்நடையாகச் செல்ல விரும்புவோர், அதற்கான வழிகாட்டி நூல்களை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இலக்கிய விழாவில் இப்படியும் ஒரு தலைப்பா என்று சிலர் எண்ணக்கூடும். நெய்க்காரப்பட்டியில் அந்த ஐயம் எழ வேண்டியதில்லை. கிழக்கே பழனி, தெற்கே வானளாவ நிற்கும் கொடைக்கானல் மலைத்தொடர். தைப்பூசம் நெருங்கினால் எத்தனையோ ஊர்களிலிருந்து மக்கள் நடந்தே வந்து சேரும் வட்டாரம் இது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வழிகாட்டி நூல் என்பதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி நம்முடையது.

ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துதல். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர், தாம் பரிசில் பெற்ற இடத்தை எதிரே வரும் வறியவர்க்குச் சொல்லி, அங்கே செல்லும் வழியையும் உரைப்பதே அதன் இலக்கணம் என்று தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்தார். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளே. ஆகவே நல்ல வழிகாட்டி நூல் எது என்பதற்கான அளவுகோல்களை வேறெங்கும் தேடி அலைய வேண்டாம். நம் வீட்டு அலமாரியிலேயே அவை இருக்கின்றன.

முதல் அளவுகோல், நூலை எழுதியவர் அந்த வழியில் நடந்தவரா என்பது. ஆற்றுப்படையில் பேசுகிறவன் போய் வந்தவன். அவன் கூற்றுக்கு மதிப்பு அதனால்தான். நம் இலக்கணிகள் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்தனர். கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்களுள் பல, பெயருக்கேற்ப, இலக்கணப் பொருளிலும் வழிநூல்களாகவே இருக்கின்றன. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுதுகிறார். அவரைப் பார்த்து வேறொருவர். நடந்தவர் யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படுவதில்லை. நமக்கு வேண்டியது முதல்நூல்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி சொல்கிறேன். புத்தகக் கடையில் நூலைக் கையில் எடுத்ததும், நீங்கள் போக விரும்பும் ஊரைப் பற்றிய பக்கத்தைத் திறக்காதீர்கள். உங்கள் சொந்த ஊரைப் பற்றிய பக்கத்தைத் திறவுங்கள். நமக்கு நன்கு தெரிந்த சண்முகநதியையும் ஐவர்மலையையும் அந்த நூல் எவ்வாறு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தெரிந்த இடத்தில் தவறும் நூலைத் தெரியாத இடத்தில் நம்பிப் போகலாகாது. ‘இயற்கை எழில் கொஞ்சும்’, ‘கண்கொள்ளாக் காட்சி’ போன்ற தொடர்கள் மிகுந்திருந்தாலும் எச்சரிக்கை தேவை. அவை எந்த ஊருக்கும் பொருந்தும். ஆகையால் எந்த ஊரையும் காட்டமாட்டா. நடந்தவர் எழுதினால், ஏற்றம் எங்கே தொடங்குகிறது, எத்தனை நாழிகை பிடிக்கும், குடிநீர் எங்கே கிடைக்கும், நிழல் எங்கே முடியும் என்று எழுதுவார்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று இங்கிலாந்தில் உண்டு. கெண்டல் நகராட்சியில் கருவூலப் பொறுப்பில் இருந்த ஆல்ஃபிரட் வெயின்ரைட், அந்நாட்டின் வடமேற்கே உள்ள ஏரிநாட்டு மலைகளுக்கு வாரந்தோறும் பேருந்தில் சென்று, நடந்து, 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளாக வழிகாட்டி நூல்களை வெளியிட்டார். அச்செழுத்தை நாடாமல் பக்கம் முழுவதையும் தம் கையாலேயே எழுதினார்; படங்களையும் வரைபடங்களையும் தாமே தீட்டினார். அலுவலகக் கணக்கு எழுதிய கை மலைகளுக்கும் கணக்கு எழுதியது. அரை நூற்றாண்டு கழிந்தும் மக்கள் அதை விடவில்லை. பாதைகள் மாறியபோது, நூலைக் கைவிடாமல், 2005 முதல் வேறொருவரைக் கொண்டு அவ்வழிகளை மீண்டும் நடந்து பார்த்துத் திருத்திப் பதிப்பித்தார்கள். முதல்நூலுக்குக் கிடைக்கும் மரியாதை அது.

இரண்டாம் அளவுகோல், இடர் கூறுதல். மலைப்பாதைக்கு நூல் தேடுவோர் மலைபடுகடாத்தை ஒருமுறை அந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். செங்கண்மாத்து நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் 583 அடிகளில், பெருங்கௌசிகனார் மலையின் அழகை மட்டும் பாடிவிட்டுப் போகவில்லை. காட்டுப் பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உள்ளன. ஆகவே விடிந்த பிறகு செல்லுங்கள் என்கிறார். பாம்பு உறையும் குழிகளைச் சொல்கிறார். தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எந்தப் பக்கமிருந்தும் வரலாம், மரத்தின் மறைவில் செல்லுங்கள் என்கிறார். பாசி படிந்து வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என்கிறார். இருட்டில் வழி தப்பினால் பாறை மீது ஒன்றாகக் கூடி உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள், மலைவாழ் மக்கள் கேட்டு வந்து உதவுவார்கள் என்றும் சொல்லிவைக்கிறார். புகழ வந்த பாட்டு, புகழுக்கு இடையூறாகுமே என்று இடரை மறைக்கவில்லை. இடரை மறைக்கும் நூல் விளம்பரம்; இடரைச் சொல்லும் நூலே வழிகாட்டி.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2018 மார்ச் 11 அன்று, நமக்கு அண்டையிலுள்ள தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேற்றத்திற்குச் சென்றோர் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலோர் இளையவர்கள். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும் சரிவு எது, அங்கிருந்து இறங்க வழி எது என்னும் சில வரிகள் உயிரின் விலை பெறும் என்று அன்று அறிந்தோம். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2024-இல் வனத்துறை, முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டியும் அமைந்த 40 மலையேற்ற வழிகளைத் திறந்தது. எனவே எந்த மாதம் போகலாம், எந்த மாதம் போகலாகாது, யாரிடம் இசைவு பெற வேண்டும் என்ற மூன்றும் எழுதப்படாத மலைநூலை, அட்டை எவ்வளவு அழகாயிருப்பினும், வாங்க வேண்டாம் என்பேன்.

மூன்றாம் அளவுகோல், வழிகளை ஒப்பிட்டுக் காட்டுதல். இதற்குச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையைவிடச் சிறந்த பாடம் இல்லை. கொடும்பாளூர் அருகே வழி மூன்றாகப் பிரிகிறது. மதுரைக்கு எது நல்லது என்று கேட்ட கோவலனுக்கு, மாங்காட்டு மறையவன் மூன்றையும் அடுக்கிக் காட்டுகிறான். வலப்பக்க வழி வறண்ட பாலை. அதைக் கடந்தால் பலாவும் மாவும் வாழையும் செழித்த சிறுமலை தோன்றும். அம்மலையை வலத்தே வைத்துச் செல்ல வேண்டும். திண்டுக்கல்லில் நின்றால் இன்றும் நம் கண்ணில் படும் அதே சிறுமலைதான். இடப்பக்க வழி வயலும் சோலையும் கடந்து திருமால்குன்றம் செல்வது; வியப்புகள் நிறைந்தது. நடுவழி இடையிடையே ஊர்கள் உள்ள காட்டுவழி, செவ்விய வழி. ஆனால் வழிச்செல்வோரை மயக்கும் தெய்வம் ஒன்று அங்கே உண்டு.

ஒவ்வொரு வழிக்கும் நலமும் உண்டு, குறையும் உண்டு, தேர்வு நடப்பவருடையது. இடப்பக்கத்து வியப்புகள் தமக்கு வேண்டா என்று கவுந்தியடிகள் மறுத்துவிடுகிறார். மூவரும் நடுவழியில் செல்கின்றனர். நீர் தேடிப் போன கோவலன் முன் அந்தத் தெய்வம் வசந்தமாலை வடிவில் வந்து நிற்கிறது. முன்பே கேட்டறிந்த சொல் நினைவிருந்ததால் அவன் மயங்கவில்லை. நல்ல வழிகாட்டியின் பயன் இதுதான். படித்தபோது சாதாரணமாகத் தோன்றிய ஒரு வரி, தக்க இடத்தில் நினைவுக்கு வந்து காக்கிறது.

நான்காவது, நிலத்தை அதன் அடையாளங்களால் காட்டுதல். திண்டுக்கல் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. ஆயினும் கடலோர நடைக்கு நூல் தேர்வோர் சிறுபாணாற்றுப்படையை நினைத்துக்கொள்ள வேண்டும். அதன் 269 அடிகளுக்குள் நல்லூர் நத்தத்தனார், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனை நெய்தல் நிலத்து எயிற்பட்டினம், முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர் என்று ஊர் ஊராக அழைத்துச் செல்கிறார். கடற்கரைக்குத் தாழையும் புன்னையும் அடையாளம். பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும்; வேலூரில் எயினர் வீட்டுப் புளிச்சோறு; ஆமூரில் வெண்சோறும் நண்டும். என்ன பூத்திருக்கிறது, என்ன உண்ணக் கிடைக்கிறது என்பதைக் கொண்டே வந்த இடம் இன்னதென்று அறியலாம். எந்த மரத்தடியில் திரும்புவது என்று சொல்லாத நூல், நடப்பவருக்கு எழுதப்பட்டதன்று. ஊர்தியில் விரைபவருக்கு எழுதப்பட்டது.

ஐந்தாவது, நூலின் ஆண்டு. பழைய நூலில் நம் வட்டாரத்தைத் தேடினால் மதுரை மாவட்டத்தின் கீழ்தான் தேட வேண்டும். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல். பொருந்தலில் 2009-இலும் 2010-இலும் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்து, தமிழி எழுத்துப் பொறித்த கலப்பொருளையும் நெல்மணிகளையும் வெளிப்படுத்தினார். அதற்கு முந்தைய நூலைக் கையில் ஏந்தி அங்கே போகிறவர், அந்த மேட்டை வெறும் மேடு என்று கடந்து போவார். 2013-இல் கொடைக்கானல் காடுகள் வனவிலங்கு உய்விடமாயின. அதற்கு முன் எழுதிய நூல் காட்டும் பாதைகளில் இன்று கேட்காமல் நுழைய இயலாது. நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்து 2018-இல் மீண்டும் பூத்தது. ஆண்டைச் சொல்லாமல் ‘குறிஞ்சி பூக்கும்’ என்று மட்டும் எழுதும் நூல் பன்னிரண்டில் பதினோர் ஆண்டு பொய்யாகிறது.

அதனால் பழைய நூல்களைத் தள்ளிவிட வேண்டும் என்று பொருளில்லை. கையில் கொண்டுசெல்வது வேறு. புறப்படுமுன் வீட்டிலிருந்து படிப்பது வேறு. ஃபிரான்சிஸ் 1906-இல் எழுதிய மதுரை மாவட்ட விவரச்சுவடி, மலைமேல் உள்ள கல்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேடும் நியூட்டனும் எழுதி 1928-இல் வெளிவந்த நூல், பழனிமலைத் தாவரங்களைப் பற்றிப் பாதிரியார் கே.எம். மேத்யூ எழுதி 1999-இல் வெளிவந்த பெருநூல் ஆகியவை வீட்டிலிருந்து படிக்க வேண்டியவை. ஐவர்மலைக் கல்வெட்டு சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870 என்ற காலத்தைத் தந்து, வரகுணபாண்டியன் அரியணை ஏறிய ஆண்டை உறுதிசெய்கிறது என்பதை அறிந்து ஏறுபவர்க்கு அந்தப் பாறை பேசும். அறியாதவர்க்கு நிழல் மட்டுமே தரும். திருமுருகாற்றுப்படையும் இவ்வகையதே. அது திருவாவினன்குடியைப் பாடுகிறது, பாதையைச் சொல்வதில்லை. எப்படிப் போவது என்பதைச் சொல்லாமல், எதற்காகப் போவது என்பதைச் சொல்கிறது. இரண்டும் வேண்டும், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளலாகாது.

‘கைப்பேசியில் வரைபடம் இருக்கையில் நூல் எதற்கு’ என்று இளைஞர்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. 2021-இல் மைய அரசு நிலப்பட விதிகளைத் தளர்த்திய பிறகு வரைபடங்கள் எளிதில் கிடைக்கின்றன, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைத்தான் கைப்பேசி சொல்லும். ஐப்பசி மழையில் இந்த ஓடையைக் கடக்கலாமா, மாலையில் யானை நீருக்கு இறங்கும் துறை எது என்பதை அது சொல்லாது. சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். மலையில் பளியர், புலையர் குடிகளைச் சேர்ந்த முதியோர்; சமவெளியில் ஆடு மேய்ப்போர், வாய்க்கால் காப்போர். ஒவ்வொரு பாறைக்கும் ஓடைக்கும் அவர்கள் வாயில் ஒரு பெயர் உண்டு. அப்பெயர்கள் பல எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஒரு முதியவர் மறையும்போது ஒரு வழி மறைகிறது.

இங்கேதான் நம் வட்டத்தின் கடமை தொடங்குகிறது. ஏ.கே. செட்டியார் பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தார். சோமலெ மாவட்டந்தோறும் செய்தி திரட்டி நூலாக்கினார். அவர்கள் திறந்த வழியில், நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு நாளில் நடந்து திரும்பக்கூடிய பத்து வழிகளையேனும் நாம் எழுத வேண்டும். கவிஞர்களே எழுதுங்கள். ஒரு சொல்லை எடைபோட்டு வைக்கத் தெரிந்தவரே ‘இங்கே இடப்பக்கம் திரும்புக’ என்பதைப் பிழையறச் சொல்ல வல்லவர். நடந்து பார்த்து எழுதுங்கள். இடரை மறையாது எழுதுங்கள். சொன்னவர் யார் என்பதை அவர் இசைவோடு குறித்து எழுதுங்கள். எழுதிய ஆண்டைத் தவறாமல் போடுங்கள்.

மலைபடுகடாத்தில் ஒரு சிறு அறிவுரை வருகிறது. புதிய நாட்டில் வழி பிரியும் இடத்திற்கு வந்தால், அந்தச் சந்தியைத் துடைத்துத் தூய்மை செய்து, பின்னால் வருபவர் அறியும்படி புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்பது அது. வழிகாட்டி நூல் என்பது அந்தப் புல்முடிதான். முடிந்தவர் பெயர் யாருக்கும் தெரியாமற்போகலாம்; வருகிறவர் வழி தப்பாமல் போய்ச் சேர்வார். நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் இவ்வட்டாரத்தின் சந்திகளில் அத்தகைய முடிகள் சில இருக்கட்டும்.